கதை கேட்டு வளர்ந்த கல்விச் செல்வர்
(விபுலாநந்த அடிகளார் வரலாறு)

குழந்தைக்கு வாய்க்கும் முதல் ஆசான் கதையே. எழுத்தறியுமுன் அது கதை கேட்கிறது. கதையில் வருவோர் துயருறுங்கால் தானும் கண் கலங்குகிறது. பிறர் உள்ளத்தை அறியுங் கல்வி அங்கேதான் தொடங்குகிறது. இவ்வுண்மைக்கு நம் நாடு ஈன்ற விபுலாநந்த அடிகளாரின் வாழ்வு நற்சான்றாகும் என்பது நம் துணிபு. ஆதலின், அதனை இம்மலரிற் சுருங்கக் கூறப் புகுந்தோம்.

அன்று மட்டக்களப்பைச் சார்ந்திருந்த காரைதீவிலே, 1892ஆம் ஆண்டிற் சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகவாகத் தோன்றினார் அடிகள். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். காரைதீவு கண்ணகை அம்மன் கோயில் கொண்ட ஊர். வைகாசித் திங்களிற் குளிர்த்தி விழா நெருங்க, கண்ணகி வழக்குரை காவியம் அங்கே பாடப்படும். கணவனை இழந்த ஒருத்தி அரசன் அவையில் நீதி கேட்ட கதையை முதியோர் மருங்கிலிருந்து சிறுவரும் கேட்பர். அந்தக் கண்ணகியையே சிங்கள மக்கள் பத்தினித் தெய்வமாகப் போற்றுகின்றனர். ஊருக்கு இருமருங்கும் முஸ்லிம் மக்கள் வாழும் ஊர்கள். இத்தகைய சூழலிலேதான் அடிகளின் இளமை கழிந்தது.

குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் தொடங்கிய கல்வி, கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் தொடர்ந்தது. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார். சைவச் சூழலில் வளர்ந்து, கிறிஸ்தவப் பள்ளிகளிற் பயின்று, பழந்தமிழையும் புதிய விஞ்ஞானத்தையும் ஒருங்கே கற்ற அவர் எவரையும் அயலாராக எண்ணவில்லை.

1924ஆம் ஆண்டில் இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியாகி, விபுலாநந்தர் என்னும் பெயர் பூண்டார். 1926இல் வெளிவந்த மதங்க சூளாமணி என்னும் நாடக நூலிற் சேக்சுபியரின் பன்னிரு நாடகங்களை எடுத்துக்காட்டித் தமிழர்க்கு விளக்கினார். ஆங்கில நாட்டில் இலாம் உடன்பிறப்பினர் சேக்சுபியரின் நாடகங்கள் பலவற்றை 1807ஆம் ஆண்டிலேயே சிறுவர்க்குரிய கதைகளாக்கித் தந்திருந்தனர். கடல் கடந்த மாந்தரின் காதலும் பொறாமையும் கழிவிரக்கமும் நம்முடையனவே என உணர்த்துதற்குக் கதையினும் எளிய வழி வேறில்லை.

இவ்வுணர்வு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்தபோது, மாலை வேளைகளில் அயலிலுள்ள திருவேட்களத்துச் சேரிச் சிறுவரை நாடிச் சென்று கல்வி புகட்டினார். அதற்கு முன்னரே, 1929இல், கல்லடி உப்போடையிற் சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவியிருந்தார். அங்கே ஏழைப் பிள்ளைகள் பலர் உண்டியும் உறையுளும் பெற்றுக் கற்றனர்.

நிலாக்காலத்தில் நம் வாவியினின்று எழும் இன்னொலியைப் பாடும் மீன்களின் இசையென்பது ஊர் வழக்கு. விஞ்ஞானம் கற்ற அடிகள் அதனைக் கட்டுக்கதையென்று தள்ளவில்லை. நீரர மகளிர் பாடும் இசையாகக் கற்பனை செய்து கவி புனைந்தார். இளமையில் ஊர்க்கோயிலிற் கேட்ட கண்ணகி கதையும் அவரை விட்டகலவில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை ஆராய்ந்து, பல்லாண்டு உழைத்து யாழ் நூலை இயற்றினார். 1947 யூன் திங்களிற் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறியது. அடுத்த திங்களே அடிகள் இறைவனடி சேர்ந்தார். அவர்தம் பொன்னுடல் சிவாநந்த வித்தியாலய வளவிலே துயில்கொள்கிறது.

இன்று வாவியின் இரு கரைகளிலும் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பெரும்பாலும் வேறு வேறு பள்ளிகளிலே பயில்கின்றனர். நீண்ட போர் விதைத்த ஐயம் முற்றும் அகன்றதென்று கூறுதற்கில்லை. அயலூர்ப் பிள்ளையோடு ஒரு வாங்கில் அமராத குழந்தை, அப்பிள்ளையின் வீட்டையும் விழாவையும் கதை வாயிலாகவேனும் அறிதல் வேண்டும். அறியாத இடத்தில் அச்சம் குடிபுகும்.

பழைய மாணவராகிய நாம் விழா மலர் வெளியிடுவதோடு அமைதல் தகாது. ஆசிரியர்கள் நாள்தோறும் அரைமணி நேரம் கதைக்கு ஒதுக்குக. நம்மில் ஓய்வு பெற்றோர் அயலிலுள்ள பாலர் பள்ளிக்குச் சென்று, தம் ஊர்க்கதை ஒன்றும் அயலார் கதை ஒன்றும் சொல்லி வருக. அடிகளாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவே.