ஆவணங்களில் வாழும் ஓமந்தூரார்

மரக்காணத்து உப்பளங்கள் சங்கப் புலவர் அறிந்த நிலம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இக்கடற்கரையே என்பது ஆய்வறிஞர் பலரின் துணிபு. பாணர்க்கு வாரி வழங்கிய நல்லியக்கோடனின் அந்த ஓய்மாநாட்டில், கரையிலிருந்து மேற்கே உள்ளடங்கி, திண்டிவனத்திற்கு அருகே அமைந்த சிற்றூர் ஓமந்தூர். அங்கே 1895ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் உழவர் குடியில் பிறந்தார் ஓ.பி. இராமசாமி ரெட்டியார். பின்னாளில் ஊரின் பெயரே அவர் பெயராக நிலைத்தது.

விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்ற அப்பெருமகனார், சட்டமன்றக் காங்கிரஸ் கட்சியின் தலைவராகத் தேர்வு பெற்று, 1947 மார்ச் 23 அன்று த. பிரகாசத்தை அடுத்துச் சென்னை மாகாண ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். பிரதமர் என்பதே அந்நாளில் அப்பதவியின் பெயர். அவர் பொறுப்பேற்ற பத்தாம் நாள், ஏப்ரல் முதல் தேதியில், நாடெங்கும் உப்பு வரி ஒழிந்தது. அது தில்லி இடைக்கால அரசின் செயலே எனினும், உப்பளக் கரையை அடுத்துப் பிறந்த ஒருவரின் ஆட்சித் தொடக்கத்தோடு அது இணைந்தது பொருத்தமே.

அவருடைய இரண்டாண்டுப் பணியை அறியச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளையும், எழும்பூர் ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் அடங்கியுள்ள அக்கால அரசாணைகளையும் நாட வேண்டும். ஒடுக்கப்பட்டோர்க்கு ஆலயக் கதவைத் திறந்த 1947ஆம் ஆண்டின் 5ஆம் எண் சட்டம், தேவதாசி முறையை ஒழித்த அதே ஆண்டின் 31ஆம் எண் சட்டம், ஜமீன்தாரி முறையை நீக்கிய 1948ஆம் ஆண்டின் 26ஆம் எண் சட்டம் ஆகிய மூன்றும் அவர் தலைமையில் நிறைவேறியவை. நூற்றாண்டுக் கணக்கில் இறுகிக் கிடந்தவை அவ்விரண்டாண்டுகளில் நெகிழ்ந்தன.

கவிஞர்கள் மறக்கவொண்ணாத கோப்பு ஒன்றும் அவற்றிடையே உண்டு. பாரதியார் 1921இல் மறைந்த பின் அவர்தம் பாடல்கள் தனியார் உடைமையாயின. நூலுரிமை அவர் இளவல் விசுவநாதனிடமும், இசைத்தட்டு உரிமை பட அதிபர் ஏவி. மெய்யப்பனிடமும் இருந்தன. பாட்டை விடுவிக்க வேண்டுமென நாரண துரைக்கண்ணன் முதலிய எழுத்தாளர்கள் கிளர்ந்தெழுந்தனர். நாடகக் கலைஞர் தி.க. சண்முகமும் உடன்நின்றார். ஓமந்தூராரின் அரசு செவிசாய்த்தது. கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் முன்னின்று முயன்றார். மெய்யப்பன் பொருள் பெறாமலே தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். விசுவநாதனுக்கு 15,000 ரூபாயும், செல்லம்மாள், தங்கம்மாள், சகுந்தலா ஆகிய மூவருக்கும் தலா 5,000 ரூபாயும் வழங்குவதென முடிவாயிற்று. 1949இல் பாரதியின் எழுத்து அரசுடைமையாகி, 1950களின் நடுவில் மக்களுடைமையாயிற்று. நல்லியக்கோடன் புலவனுக்குப் பொருள் ஈந்தான். ஓமந்தூராரின் அரசோ புலவனையே மக்களுக்கு ஈந்தது.

அறிவிப்பு வந்த சில நாள்களிலேயே அவர் பதவி துறக்க நேர்ந்தது. ஆட்சியில் கட்சியினர் தலையிடுவதை அவர் ஒப்பவில்லை. பரிந்துரையோடு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினர்; அவர்தம் மனக்குறை கட்சிக்குள் எதிரணியாகத் திரண்டது. 1949 ஏப்ரல் 6 அன்று பி.எஸ். குமாரசாமி ராஜா அப்பொறுப்பில் அமர்ந்தார். இணங்க மறுத்த கடிதங்கள் சட்டத்தைப் போல் எண்ணிடப்பட்டு நிற்பவையல்ல. எனினும் பதவியை விலையாகக் கொண்டவை அவையே.

பின்னர் அவர் மீண்டும் ஆட்சியை நாடவில்லை. இன்னொரு பெருங்கவிஞராகிய வள்ளலாரின் வடலூருக்குச் சென்றார். சுத்த சன்மார்க்க நிலையம் கண்டார். ஆதரவற்ற சிறார்க்கு உணவும் கல்வியும் அளிக்கும் பணியில் தம்மைக் கரைத்துக் கொண்டார். 1970 ஆகஸ்ட் 25 அன்று மறைந்தார்.

சென்னையில் அவர் பெயர் தாங்கிய அரசினர் தோட்டத்தில் 2010இல் சட்டமன்றம் கூடியது. 2014 முதல் அவ்வளாகத்தில் மருத்துவமனை இயங்கலாயிற்று. கட்டடத்தின் பயன் மாறினும் அவர் காலத்து முடிவு மாறவில்லை. எந்தச் சிற்றூர் இலக்கிய வட்டமும் எவர் இசைவும் கேளாது பாரதியை அச்சிடலாம், அரங்கில் பாடலாம். அவ்வுரிமையின் தொடக்கம் அந்தக் கோப்பிலேதான் இருக்கிறது.