மன்றோ என்னும் குடிப்பெயர்

ஆந்திர நாட்டில் ஒருவர் தம் பெயரைச் சொன்னவுடன் அடுத்து எழும் வினா, வீட்டுப் பெயர் யாது என்பதே. சித்தூரை அடுத்த கட்டமஞ்சி என்னும் சிற்றூரின் பெயர், பேரறிஞர் இராமலிங்க ரெட்டியாரின் வீட்டுப் பெயராய்க் கற்றோர் பலரும் அறிய விளங்கிற்று. நெல்லூர்ப் பகுதியிலுள்ள சர்வேபள்ளியினின்றும் திருத்தணிக்குக் குடிபெயர்ந்த குடும்பத்திலே தோன்றிய இராதாகிருஷ்ணனார், அவ்வூரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே தாங்கியே குடியரசுத் தலைவராக அமர்ந்தார். தமிழராகிய நம்மிற் பெரும்பாலோர்க்குத் தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றே உண்டு. இங்குள்ள அலுவலகங்களில் விண்ணப்பத் தாளின் அந்தக் கட்டத்திற்கு வந்ததும் எழுதுகோல் நின்றுவிடும் அனுபவம் நம் சங்கத்தாருள் பலர்க்கும் புதிதன்று.

மேனாட்டார் இவ்வகையில் தெலுங்கர்க்கு நெருங்கியவர். தெலுங்கர் முன்னே வைப்பதை அவர்கள் பின்னே வைக்கின்றனர், வேறுபாடு அவ்வளவே. ஊர், தொழில், தந்தை பெயர் ஆகியவற்றுள் ஒன்றிலிருந்து பிறந்து, குடும்பம் போகும் இடமெல்லாம் உடன் போவது அவர்தம் குடிப்பெயர். அத்தகைய பெயர் ஒன்று அயர்லாந்தில் ஓர் ஆற்றங்கரையிற் பிறந்து, திருமலையில் வேங்கடவன் கோயில் மடைப்பள்ளி வரையில் வந்து சேர்ந்திருக்கிறது. மன்றோ என்னும் அப்பெயரையும், அதனை இந்நாட்டில் நிலைநாட்டிய சர் தாமஸ் மன்றோவின் வாழ்க்கையையும் அன்பர்கள் அறிதல் வேண்டும்.

நம் முன்னோர் வெள்ளையர் அனைவரையும் ஆங்கிலேயர் என்றே அழைத்தனர். ஆயினும் மன்றோ என்பது இங்கிலாந்துக்குரிய பெயரன்று, ஸ்காத்லாந்துக்குரியது. அந்நாட்டு மலைமக்களின் கேலிக் மொழியில் அதன் பொருள் ரோ ஆற்றைச் சேர்ந்தவன் என்பதாம். அயர்லாந்தின் வடபகுதியில் டெரிக்கு அருகே ஓடும் ரோ ஆற்றின் அடிப்பகுதியில் வாழ்ந்த ஒரு கூட்டத்தார், பதினோராம் நூற்றாண்டில் டொனால்டு என்னும் தலைவன் கீழ்க் கடல் கடந்து சென்று ஸ்காத்லாந்து மன்னனுக்குப் போரில் துணைநின்று, அதற்குப் பரிசாக நிலம் பெற்றனர் என்பது அக்குலத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. கீழை ராஸ் என்னும் பகுதியில் ஃபவுலிஸ் கோட்டை அவர்களுடைய தலைமையிடமாயிற்று. அங்ஙனமாயின், பிறந்த ஊரிலே இருந்தவரையில் அவர்களுக்கு அப்பெயர் வேண்டியதாயில்லை. ஆற்றை விட்டு வந்த பின்னரே ஆற்றின் பெயரால் அழைக்கப்பட்டனர். சர்வேபள்ளியை விட்டு வந்தவர்க்கே சர்வேபள்ளி வீட்டுப் பெயராதல் போன்றதே இதுவும்.

ஃபவுலிஸிலிருந்தும் அப்பெயர் புறப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டில் ஒரு கிளை அமெரிக்காவின் வர்ஜீனியாவிற் குடியேறியது. அக்கிளையில் வந்தவரே 1817 முதல் 1825 வரையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த ஜேம்ஸ் மன்றோ. எழுத்தில் ஓரிரு மாற்றம், பெயர் ஒன்றே. திரைப்பட ரசிகர்கள் நன்கறிந்த நடிகையின் பெயரும் அதுவேயன்றோ என்று இளைஞர்கள் கேட்பர். ஆம், அவர் தம் தாயின் குடிப்பெயரைத் திரைக்கென ஏற்றுக்கொண்டவர்.

தமிழகத்திற்கு இப்பெயரை முதலில் அறிமுகஞ் செய்தவர் தாமஸ் அல்லர். 1764இல் பக்சார்ப் போரை வென்ற ஹெக்டர் மன்றோ, 1780இல் சென்னைப் படைக்குத் தலைவராயிருந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள் பொள்ளிலூரில் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் அழித்தபோது, ஹெக்டர் சில கல் தொலைவிலேயே இருந்தும் உதவிக்குச் செல்லவில்லை; பெரும் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். மறு ஆண்டு டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றி அந்த இழுக்கை ஓரளவு துடைத்துக்கொண்டார். அவர் ஊர் திரும்பியபின், வேலையின்றி வாடிய மக்களுக்குக் கூலி கிடைக்கவேண்டி, ஃபவுலிஸுக்கு அண்மையிலுள்ள ஃபைரிஷ் குன்றின்மீது ஒரு நினைவுச் சின்னம் கட்டுவித்தார். அது நாகப்பட்டினத்துக் கோட்டை வாயிலின் வடிவம். மன்றோக்களின் தாய்நிலத்தில் நம் நாகையின் வாயில் நிற்கிறது என்பதை நம்மவர் பலரும் அறியார். திருவிதாங்கூரில் ரெசிடெண்டாயிருந்த ஜான் மன்றோ இன்னொருவர். கொல்லத்தை அடுத்த மன்றோத் துருத்து அவர் பெயரால் வழங்குவது.

தாமஸ் மன்றோ 1761 மே 27ஆம் நாள் கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். தந்தை அலெக்சாந்தர் வர்ஜீனியாவோடு வாணிகம் நடத்தியவர். சிறு பருவத்தில் கண்ட அம்மை தாமஸின் செவிப்புலனைக் குறைத்தது. செர்வாண்டிஸின் நூலை மூலத்திலேயே படிக்கவேண்டி ஸ்பானிய மொழியைத் தாமே கற்றுக்கொண்ட பிள்ளை அவர். அமெரிக்க விடுதலைப் போர் மூண்டது, வர்ஜீனிய வாணிகம் நின்றது, குடும்பம் நொடித்தது. அதன் விளைவாக 1779இல் கப்பலேறிய தாமஸ், 1780 ஜனவரி 15ஆம் நாள் சென்னையில் இறங்கினார். அப்போது வயது பதினெட்டு. சிறிய படைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தந்தைக்குப் பணம் அனுப்பியவர் அவர். ஊரை விட்டு வந்து மாதந்தோறும் மணியார்டர் எழுதிய நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

வந்த ஆண்டே ஹெக்டரின் படையில் நின்று பொள்ளிலூர்ப் பேரிடரை அருகிருந்து கண்டார். அப்போர் முடியுமுன், 1782 டிசம்பர் 7ஆம் நாள், சித்தூருக்கு அண்மையில் நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் ஹைதர் அலி உயிர்நீத்தார். ஆயினும் தாமஸின் புகழ் வாளால் வந்ததன்று. 1792இல் திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனிக்குக் கிடைத்தபோது, கேப்டன் ரீடின் கீழ் அங்கே வரி வகுக்கச் சென்றார். ஏழாண்டுகள் ஊர் ஊராகக் குதிரைமேற் சென்று, நிலத்தை அளந்து, உழுபவனோடு நேரே பேசி வரியை முடிவு செய்தார். இடையில் ஜமீன்தார் இல்லாத இம்முறையே பின்னர் ரயத்துவாரி எனப்பட்டது. தர்மபுரியில் தாம் வளர்த்த தோட்டத்தை விட்டுப் பிரிய அவருக்கு மனமே வரவில்லை.

1800இல் நிஜாம் கம்பெனிக்குக் கொடுத்த கடப்பை, பல்லாரி, அனந்தப்பூர்ப் பகுதிகளுக்கு அவர் தலைமைக் கலெக்டரானார். பின்னர் 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனோடு சேர்ந்த மதனப்பள்ளியும் வாயல்பாடும் அன்று கடப்பைச் சீமையைச் சேர்ந்தவை. எண்பது பாளையக்காரர் வரையில் அங்கே தனியரசு செலுத்தினர். அவர்களை ஒடுக்குவதில் மன்றோ கடுமையே காட்டினார். இலண்டனிலிருந்த டைரக்டர்களே அதனைக் கண்டித்தனர். வரியும் எளிதாயில்லை. இதனை மறைத்து அவரைத் தெய்வமாக்குவது முறையன்று. ஆனால் தாம் விதித்த வரி மிகை என்பதை உணர்ந்தவரும் அவரே. 1807இல் தாயகம் செல்லுமுன், எல்லா நிலங்களுக்கும் நூற்றுக்கு 25 பங்கு குறைக்கவேண்டும் எனப் பரிந்துரைத்தார். சென்னை அரசாங்கம் ஏற்கவில்லை, குத்தகை முறையைக் கொண்டுவந்தது, குடிகள் நலிந்தனர். பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத் தாமே கவர்னராகி வந்து ரயத்துவாரியை மீட்டு வரியைக் குறைத்தார். தாம் போட்ட கணக்கைத் தாமே திருத்தும் அதிகாரிகள் எக்காலத்தும் அரியர்.

இடையில் 1814இல் ஜேன் கேம்பெல் என்னும் மங்கையை மணந்து, நீதிமுறைச் சீர்திருத்தக் குழுவின் தலைவராகத் திரும்பிவந்தார். 1820 ஜூன் முதல் சென்னைக் கவர்னர். நாட்டு மக்களை உயர்பதவிகளினின்று விலக்கி வைப்பது ஆட்சிக்கே இழிவு என்று கருதியவர் அவர். அதே மன்றோ செய்தித்தாள்களுக்கு உரிமை கொடுப்பதை எதிர்த்தவருமாவார். 1822இல் மாகாணமெங்கும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் செய்தார். 12,498 பள்ளிகள் இருந்தமை தெரியவந்தது. கம்பெனி வருமுன் நம் நாட்டிற் கல்வியே இல்லை என்பாரை மறுக்க இன்றளவும் உதவுவது அக்கணக்கே.

இனித் திருமலைக்கு வருவோம். நாள்தோறும் பெருமாளுக்கு நைவேத்தியம் படைக்கும் பெரும் பாத்திரம் ஒன்றுக்கு மன்றோ கங்காளம் என்று பெயர். மன்றோ துரை தீராத வயிற்று நோயால் வருந்தினார் என்றும், திருமலைப் பொங்கற் பிரசாதத்தை உண்டு நோய் நீங்கப் பெற்றார் என்றும், நன்றியாக அக்கங்காளத்தை அளித்து, அதில் நாளும் பொங்கல் படைக்க ஒரு சிற்றூரின் வருவாயை ஒதுக்கினார் என்றும் இங்குள்ளோர் கூறுவர். அவர் சித்தூர்க் கலெக்டராயிருந்தபோது இது நடந்தது என்று சிலர் சொல்வது பொருந்தாது. அன்று சித்தூர் மாவட்டமே இல்லை; திருப்பதி வட ஆர்க்காட்டில் அடங்கியது; அங்கே அவர் கலெக்டராயிருந்ததுமில்லை. ஆனால் 1801 முதல் 1843இல் மகந்துகளிடம் ஒப்புவிக்கும் வரையில் கோயில் நிர்வாகம் கம்பெனியின் கையில் இருந்தது. கோயில் நடைமுறைக்கு 42 விதிகளைக் கொண்ட புரூஸ் சட்டம் ஏற்பட்ட 1821ஆம் ஆண்டில் மன்றோவே கவர்னர். எனவே கட்டளைக்கு இடம் உண்டு. வயிற்று நோயைப் பற்றி முடிவு கூறுவது நம் வேலையன்று. மந்திராலயத்தில் ராகவேந்திரர் அவருக்குக் காட்சி தந்தார் என்றும், கடப்பைச் சீமையில் கண்டி மலையிடுக்கில் சாகப்போகிறவர்க்கே தெரியும் பொற்றோரணம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது என்றும் கதைகள் உண்டு. மாண்டவ ரிஷியின் மறுபிறப்பு என்று அவரைப் போற்றினோரும், பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயரிட்டோரும் அச்சீமையில் இருந்தனர். அயர்லாந்து ஆற்றின் பெயரோடு அப்பா சேர்ந்தது இந்நாட்டில் மட்டுமே.

ஓய்வு கேட்டு எழுதியும், பர்மியப் போர் வந்து அவரைத் தடுத்தது. 1826இல் நோயுற்ற இளைய மகனுடன் மனைவி தாயகம் சென்றார். தமக்குப் பின் வருபவரை எதிர்நோக்கியிருந்த காலத்தில், பழைய குடிகளிடம் விடைபெற 1827இல் மீண்டும் அச்சீமைக்குச் சென்றார். உடன்வந்தோரிடையே வாந்திபேதி பரவியது. ஜூலை 6ஆம் நாள் கர்னூல் மாவட்டத்துப் பத்திகொண்டாவில் மன்றோ காலமானார். கூத்தியில் அடக்கஞ் செய்யப்பட்ட உடல், 1831இல் சென்னைக் கோட்டையிலுள்ள மாதா கோயிலுக்குக் கொண்டுவரப்பட்டது. பத்திகொண்டாவில் அவர் நினைவாகத் தோப்பும் கிணறும் ஏற்பட்டன. சென்னைத் தீவுத்திடலில் சேணமில்லாக் குதிரைமேல் அவர் அமர்ந்திருக்கும் சிலை 1839இல் நிறுவப்பட்டது.

மன்றோவுக்குப் புதல்வர் இருவர். இளையவரின் மகன் சர் ஹ்யூ மன்றோ மலையேறுவதில் பித்துக் கொண்டவர். தம் நாட்டில் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட சிகரங்களைத் தேடித் தேடிக் கணக்கிட்டு 1891இல் ஒரு பட்டியலை வெளியிட்டார். அவை அனைத்தையும் ஏறி முடிக்குமுன்னரே 1919இல் மறைந்தார். அச்சிகரம் ஒவ்வொன்றையும் அந்நாட்டார் மன்றோ என்றே சொல்கின்றனர். இப்போதைய கணக்குப்படி அவை 282.