வழிகாட்டிகள் இருந்தபோது ஜெயித்தார், இல்லாதபோது தோற்றார்: பனாமா மழைக்காட்டில் பிரான்சிஸ் டிரேக்

பனாமா என்றால் உடனே ஞாபகத்துக்கு வருவது கால்வாய். ஆனால் 1914-ல் அந்தக் கால்வாய் திறக்கப்படுவதற்கு ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன்பே, அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் பிரிக்கும் அந்தக் குறுகலான நிலத்தை ஒரு பாதை கடந்துவிட்டது. மழைக்காட்டின் நடுவே, அடிமைகளின் உழைப்பில் ஸ்பானியர்கள் போட்ட பாதை. பெயர் கமினோ ரியால். நம்ம பாஷையில் ராஜபாட்டை.

இன்று அங்கே வழிகாட்டியுடன் டிரெக்கிங் போகலாம். அதன் ஜோடிப் பாதையான கமினோ தே குரூசஸின் சில பகுதிகள் 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அங்குள்ள கற்களில் கோவேறு கழுதைகளின் குளம்பு பட்டுப் பட்டு விழுந்த குழிகளை இப்போதும் பார்க்கலாம்.

இந்தக் காட்டுக்குள் வழிகாட்டியோடு நடந்து போய்ப் பெரும் பணக்காரராகத் திரும்பியவர் சர் பிரான்சிஸ் டிரேக். 23 வருஷம் கழித்து அதே பாதைக்கு மறுபடி வந்தார். இந்த முறை உயிரோடு திரும்பவில்லை. இடையில் என்ன மாறியது?

கழுதை மேல் வந்த வெள்ளி

முதலில் பாதையின் கதை. இன்றைய பொலிவியாவில் இருக்கும் பொட்டோசி மலையில் வெட்டிய வெள்ளி, பசிபிக் கரையோரமாகக் கப்பலில் பனாமா நகரத்துக்கு வரும். அங்கிருந்து ஸ்பெயினுக்குப் போக வேண்டுமென்றால் எதிர்ப்பக்கக் கடலுக்குப் போயாக வேண்டும். அந்தப் பக்கத் துறைமுகம் நோம்ப்ரே தே தியோஸ். 'கடவுளின் பெயர்' என்று அர்த்தம். காய்ச்சலுக்குப் பேர் போன ஊர் அது.

இரண்டு ஊர்களுக்கும் இடையில் சுமார் 100 கிலோமீட்டர். ஒவ்வொரு கழுதை மேலும் 300 பவுண்டு வரை பாரம். பனாமா பக்கம் வெட்டவெளி, வெயில் தாங்காது. அதனால் அங்கே ராத்திரிப் பயணம். வெந்தா குரூசஸ் என்ற ஊரைத் தாண்டினால் அடர்ந்த காடு, நிழல். அங்கே பகலில் நடை. கழுதைகளின் கழுத்தில் மணி கட்டியிருப்பார்கள். கழுதைப்படை கண்ணுக்குத் தெரிவதற்கு ரொம்ப முன்பே அந்தச் சத்தம் காட்டில் கேட்டுவிடும். இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

யார் இந்த டிரேக்?

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் 1540 வாக்கில் பிறந்தவர். வசதியில்லாத குடும்பம். சின்ன வயதிலேயே ஒரு சரக்குப் படகில் தொழில் கற்கச் சேர்ந்தார். உறவினர் ஜான் ஹாக்கின்ஸுடன் அவர் முதலில் செய்த பெரிய கடல் பயணங்களின் சரக்கு என்ன தெரியுமா? மனிதர்கள். ஆப்பிரிக்காவில் பிடித்த நூற்றுக்கணக்கானவர்களை ஏற்றிப் போய் கரீபியனில் ஸ்பானியர்களிடம் விற்றார்கள். டிரேக்கை வீரராகக் கொண்டாடும் கதைகள் இதை ஒரு வரியில் தாண்டிவிடும். தாண்டக் கூடாது. பனாமாவில் அவரைக் காப்பாற்றியது அதே அடிமை முறையிலிருந்து தப்பி ஓடியவர்கள்தான்.

1568-ல் மெக்சிகோ கரையில் சான் ஹுவான் தே உலுவா துறைமுகத்தில் ஸ்பானியர்கள் ஹாக்கின்ஸின் கப்பல்களைத் தாக்கினார்கள். டிரேக் தப்பிவிட்டார், பலர் சிக்கினார்கள். அதற்குப் பிறகு ஸ்பெயின் மேல் அவருக்கு இருந்தது சொந்தப் பகை.

1572 மே மாதம் இரண்டு சின்னக் கப்பல்கள், 73 ஆட்களுடன் பிளிமத்திலிருந்து கிளம்பினார். ஜூலையில் நோம்ப்ரே தே தியோஸை ராத்திரியில் தாக்கினார். காலில் குண்டு பட்டு, ரத்தம் வழிந்து மயங்கி விழ, ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு படகுக்கு ஓடினார்கள். கையில் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆனால் அந்தக் குழப்பத்தில் ஒருவர் படகுகளைத் தேடி வந்தார். பெயர் தியேகோ. ஸ்பானியர்களிடம் அடிமையாக இருந்தவர், தன்னையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னார். அன்று ராத்திரி டிரேக்குக்குக் கிடைத்த ஒரே லாபம் இவர்தான். அதன் மதிப்பு அப்போது யாருக்கும் புரிந்திருக்காது.

சிமரோன்கள்

தியேகோ மூலமாகத்தான் டிரேக்குக்கு சிமரோன்களின் தொடர்பு கிடைத்தது. ஸ்பானியர்களிடமிருந்து தப்பிக் காட்டுக்குள் ஓடி, அங்கேயே ஊர் கட்டி, பல பத்தாண்டுகளாக ஸ்பானியர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த ஆப்பிரிக்கர்கள் இவர்கள். 1550-களில் இவர்களின் தலைவராக இருந்த பயானோவின் பெயரில் பனாமாவில் இன்றும் ஒரு ஏரி இருக்கிறது.

அவர்கள் கொடுத்த முதல் தகவல்: மழைக்காலத்தில் வெள்ளி தரைவழியாக வராது, காய்ந்த மாதங்கள் வரை காத்திருக்க வேண்டும். டிரேக் காத்திருந்தார். அதற்குக் கொடுத்த விலை பெரியது. ஒரு தம்பி சண்டையில் செத்தார். இன்னொரு தம்பி காய்ச்சலில் போனார். ஆட்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். நோய் என்னவென்று தெரிந்துகொள்ள, தன் தம்பியின் உடலையே அறுத்துப் பார்க்கச் சொன்னார் டிரேக். அதிலும் விடை கிடைக்கவில்லை.

1573 பிப்ரவரி 3. 18 ஆங்கிலேயர்கள், 30 சிமரோன்கள் காட்டுக்குள் நுழைந்தார்கள். தலைவர் பேத்ரோ. படைக்குத் தளபதி டிரேக் என்று புத்தகங்கள் சொல்லும். ஆனால் நடந்ததைப் பார்த்தால் அது பேத்ரோவின் டிரெக்கிங், டிரேக் அதில் ஒரு பயணி. நான்கு சிமரோன்கள் முன்னால் போய், கிளைகளை ஒடித்து வழி காட்டுவார்கள். மற்றவர்கள் சத்தமே இல்லாமல் பின்னால் வர வேண்டும். சூரியன் உதித்ததும் நடை, பத்து மணிக்கு ஓய்வு, மதியத்திலிருந்து நான்கு மணி வரை மறுபடி நடை. சாமான் தூக்கியது, வேட்டையாடியது, ராத்திரிக்குப் பனையோலைக் குடிசை போட்டது எல்லாம் சிமரோன்கள். இன்றைக்குக் காசு கொடுத்து நாம் எடுக்கும் டூர் பேக்கேஜும் கிட்டத்தட்ட இதேதான், துப்பாக்கியைக் கழித்துவிட்டால்.

பிப்ரவரி 11-ம் தேதி ஒரு மலை முகட்டில் ஏறினார்கள். அங்கே ஒரு பெரிய மரம், அதில் ஏறப் படிகள் வெட்டி, மேலே பத்துப் பேர் உட்காரும் மேடை. எல்லாம் சிமரோன்கள் ஏற்கெனவே செய்து வைத்தது. பேத்ரோ டிரேக்கின் கையைப் பிடித்து அழைத்துப் போனார். ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் பசிபிக். அந்தக் கடலில் ஒரு நாள் கப்பல் ஓட்ட வேண்டும் என்ற ஆசை டிரேக்குக்கு வந்தது அந்த மரத்து மேலேதான்.

ஒரு குடிகாரரும் 190 கழுதைகளும்

வெந்தா குரூசஸ் பக்கம் புல்லில் பதுங்கினார்கள். இருட்டில் அடையாளம் தெரிய எல்லோருக்கும் மேலே வெள்ளைச் சட்டை. தூரத்தில் மணிச் சத்தம். லிமாவின் கருவூல அதிகாரி தங்கத்தோடு வந்துகொண்டிருந்தார். அப்போது ராபர்ட் பைக் என்ற ஆங்கிலேயர், போதையில், எதிர்ப்பக்கம் போன குதிரைக்காரரைப் பார்க்க எழுந்து நின்றுவிட்டார். பக்கத்திலிருந்த சிமரோன் அவரை இழுத்துப் போட்டு மேலேயே படுத்துக்கொண்டார். பிரயோஜனமில்லை. வெள்ளைச் சட்டை கண்ணில் பட்டுவிட்டது. குதிரைக்காரர் பாய்ந்து போய் அதிகாரியை எச்சரித்தார். அதிகாரி தங்கத்தை நிறுத்தி, சாப்பாட்டு மூட்டை சுமந்த கழுதைகளை முன்னால் அனுப்பினார். இத்தனை நாள் நடைக்குக் கிடைத்தது உணவுச் சரக்கு!

ஏப்ரல் தொடக்கத்தில் மறுபடி முயன்றார்கள். இந்த முறை பிரெஞ்சுக் கேப்டன் குய்லாம் லெ தெஸ்தூவும் கூட்டு. நோம்ப்ரே தே தியோஸுக்குக் கூப்பிடு தூரத்தில், ஊர்க்காரர்கள் யாரும் எதிர்பார்க்காத இடத்தில் பதுங்கினார்கள். சுமார் 190 கழுதைகள், ஏறக்குறைய 30 டன் வெள்ளி. காவலுக்கு 45 பேர். சண்டை சீக்கிரம் முடிந்தது. தூக்கவே முடியாத அளவுக்குச் செல்வம். தங்கத்தை எடுத்துக்கொண்டு, 15 டன் வெள்ளியை நண்டு வளைகளிலும் விழுந்த மரங்களுக்கு அடியிலும் புதைத்துவிட்டு ஓடினார்கள். அதில் பெரும்பகுதியை ஸ்பானியர்கள் தோண்டி எடுத்துவிட்டார்கள். காயம்பட்டுப் பின்தங்கிய லெ தெஸ்தூவின் தலை வெட்டப்பட்டது.

பங்கு பிரித்தபோது சிமரோன்கள் கேட்டது தங்கமில்லை, இரும்பு. கருவிக்கும் அம்பு முனைக்கும் அதுதான் உதவும். டிரேக் தன் சிறு படகுகளை எரித்து, அவற்றின் இரும்பை அவர்களுக்குக் கொடுத்தார். பேத்ரோவுக்குப் பிடித்துப்போன, லெ தெஸ்தூ தந்த அலங்கார வாளையும் கொடுத்தார். 1573 ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை, டிரேக் பிளிமத் வந்து சேர்ந்தபோது சர்ச்சில் பிரசங்கத்தை விட்டுவிட்டு மக்கள் கரைக்கு ஓடி வந்தார்கள்.

புகழ் யாருக்கு?

மற்றது பலருக்கும் தெரிந்த கதை. 1577 முதல் 1580 வரை உலகைச் சுற்றினார், 1581-ல் சர் பட்டம், 1588-ல் ஸ்பானிய ஆர்மடாவுக்கு எதிரான கடற்படையில் துணைத் தளபதி. தியேகோவும் அந்த உலகப் பயணத்தில் கூடப் போனார். ஆனால் ஊர் திரும்பவில்லை, வழியிலேயே இறந்தார்.

பனாமா காட்டில் நிலைமை வேறு மாதிரி போனது. டிரேக்கின் பழைய கூட்டாளி ஜான் ஆக்ஸன்ஹாம் 1576-ல் மறுபடி வந்து சிமரோன்களோடு சேர்ந்தார். பிடிபட்டார், 1580-ல் லிமாவில் தூக்கிலிடப்பட்டார். ஆங்கிலேயரும் சிமரோன்களும் சேர்வதைக் கண்டு பயந்த ஸ்பெயின் காட்டு ஊர்களை எரித்தது. அதுவும் போதாமல், கடைசியில் பேச்சுவார்த்தைக்கு வந்தது. 1579-க்கும் 1582-க்கும் இடையில் சிமரோன் குழுக்களுக்குச் சுதந்திரமும் சொந்த ஊரும் தந்து சமாதானம் செய்தது. பதிலுக்கு அரசருக்கு விசுவாசம், இனிமேல் தப்பி வரும் அடிமைகளைப் பிடித்துக் கொடுப்பது. கசப்பான நிபந்தனை. ஆனால் ஆங்கிலேயர்கள் கொள்ளையடித்துவிட்டுக் கப்பலேறிவிடுவார்கள், காட்டில் இருக்கப் போவது சிமரோன்கள்தானே?

1595-ல் 27 கப்பல்கள், சுமார் 2,500 ஆட்களுடன் டிரேக் கிளம்பினார். கூட வந்த ஹாக்கின்ஸ் புவேர்ட்டோ ரிக்கோ அருகே இறந்தார். 1596 ஜனவரியில் டிரேக் நோம்ப்ரே தே தியோஸைப் பிடித்தார், அங்கிருந்து தாமஸ் பாஸ்கர்வில் தலைமையில் சுமார் 750 பேரை ராஜபாட்டையில் பனாமாவுக்கு அனுப்பினார்.

இந்த முறை பேத்ரோ இல்லை. பக்கத்து ஊரான சாந்தியாகோ தெல் பிரின்சிபேயில் குடியேறியிருந்த முன்னாள் சிமரோன்கள் ஆங்கிலேயர்களுக்கு எதிராகவே போரிட்டார்கள். மழையில் வெடிமருந்து நனைந்தது, சேற்றில் செருப்புகள் போயின. ஒரு குறுகிய மலைவழியில் ஸ்பானியர்கள் மரத்தடுப்பு போட்டுக் காத்திருந்தார்கள். 1573-ல் 48 பேர் கடந்த காட்டை 750 பேரால் கடக்க முடியவில்லை. பசியோடும் காயத்தோடும் திரும்பினார்கள்.

சில வாரங்களில் டிரேக்குக்கு ரத்தபேதி. ஆங்கிலேயர் அன்று பயன்படுத்திய நாட்காட்டிப்படி 1596 ஜனவரி 28-ல், போர்ட்டோபெலோ அருகே கப்பலிலேயே இறந்தார். ஈயப்பெட்டியில் வைத்துக் கடலில் இறக்கினார்கள். அந்தப் பெட்டி இன்னும் கிடைக்கவில்லை.

இன்று போனால்

1597-ல் ஸ்பெயின் துறைமுகத்தை போர்ட்டோபெலோவுக்கு மாற்றியது. ராஜபாட்டையின் ஒரு பகுதி, 1930-களில் கட்டிய அணையால் உருவான அலஹுவேலா ஏரிக்கு அடியில் கிடக்கிறது. மீதியில் நடக்க வேண்டுமென்றால் சாக்ரெஸ் தேசியப் பூங்கா வழியாகப் பல நாள் பயணம். எம்பெரா பழங்குடியினர் வழிகாட்டுவார்கள். டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரைதான் காடு ஓரளவு காய்ந்திருக்கும். சிமரோன்கள் டிரேக்குக்குச் சொன்ன அதே மாதங்கள்.

போர்ட்டோபெலோவுக்கு வெளியே ஒரு சின்னத் தீவு டிரேக்கின் பெயரில் இருக்கிறது. ஊருக்குள் கார்னிவல் சமயத்தில் போனால், சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு 'காங்கோ' ஆடுகிறவர்களைப் பார்க்கலாம். ஸ்பானிய எஜமானர்களைக் கிண்டல் செய்யும் ஆட்டம், 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆடுகிறவர்கள் சிமரோன்களைத் தங்கள் முன்னோர்களாக நினைக்கிறார்கள்.