இருபத்தைந்து ரூபாய்ப் பங்கு

வ.உ. சிதம்பரனாரைச் செக்கிழுத்த செம்மலாக நாடு அறியும். ஊர் ஊராகச் சென்று பங்கு விற்ற வணிகராக அவரை அறிந்தோர் சிலரே. 1872 செப்டம்பர் 5 அன்று ஓட்டப்பிடாரத்தில் பிறந்து வழக்கறிஞரான அவர், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் நிறுவனம் செலுத்திய தனியாட்சியைக் கண்டு மனம் கொதித்தார். அதன் விளைவாக 1906 அக்டோபர் 16 அன்று சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு பெற்றது.

அதன் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். அதனை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பகுத்தனர். செல்வர் மட்டுமன்றிச் சிறு வணிகரும் கப்பலுக்கு உரிமையாளராக வேண்டும் என்பதே இச்சிறு தொகையின் உட்பொருள். பங்கு வாங்கும் உரிமை ஆசிய நாட்டார்க்கு மட்டுமே இருந்தது. பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைமை ஏற்றார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 8,000 பங்குகளை, அதாவது மூலதனத்தில் ஐந்தில் ஒரு பகுதியை, ஏற்றார். இவ்விருவர் பெயரையும் கேட்டவுடனே தயங்கி நின்றோர் பலர் துணிந்திருப்பர்.

அக்காலத்தில் சென்னையில் பங்குச் சந்தை இல்லை. பங்கின் மதிப்பை நாள்தோறும் அறிவிப்பார் எவரும் இலர். பங்குதாரரின் நம்பிக்கையே அதன் விலை. அந்நம்பிக்கையைக் காக்கும் பணியைச் சிதம்பரனார் தாமே சுமந்தார். வாடகைக் கப்பல்கள் எதிரியின் சூழ்ச்சியால் கைவிட்டுப் போனபோது, சொந்தக் கப்பலின்றித் திரும்புவதில்லை என்று உறுதி பூண்டு பம்பாய் சென்றார். வீட்டில் மகன் நோயுற்றிருந்தான், மனைவியார் கருவுற்றிருந்தார். 1907-இல் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்து சேர்ந்தன. கொடுத்த பணம் எங்கே என்று கேட்டோர்க்கு அது துறைமுகத்தில் மிதந்து நின்றது!

எதிரி நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது; பின்னர் இலவசப் பயணம் என்றது; குடையும் தர முன்வந்தது. அதனிடம் நட்டத்தைத் தாங்கும் பெருநிதி இருந்தது. சுதேசிச் சங்கத்திடம் இருந்ததோ பிறர் நம்பித் தந்த பணமே.

இவ்விடத்தில்தான் இடர் முளைத்தது. எந்தத் தேசப்பற்று பங்குகளை விற்றதோ, அதுவே அரசின் சினத்தையும் அழைத்து வந்தது. சிதம்பரனாரின் அரசியல் கண்டு நிருவாகிகள் சிலர் அஞ்சினர். அவர்களைக் கோழைகள் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். பிறர் பொருளுக்குக் காவலர் கணக்குப் பார்ப்பதும் கடமைதானே. ஆயினும் அவரை நீக்கிவிட்டால் சங்கத்திற்கு வேறு எந்த முகம் உண்டு என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1908 மார்ச் 12 அன்று அவர் கைதானார். ஜூலையில் 40 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. பங்குதாரரிடம் சென்று பேச ஆளில்லை. அச்சம் பரவியது. 1911-இல் சங்கம் கலைக்கப்பட்டது. காலியா எந்த நிறுவனத்தை எதிர்க்க வாங்கப்பட்டதோ அந்நிறுவனத்திற்கே விற்கப்பட்டது.

1912 டிசம்பரில் விடுதலையான சிதம்பரனார் மீண்டும் கப்பல் வாங்கவில்லை. வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிருந்தது. பின்னாளில் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் அது மீண்டது. வறுமையிலும் தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். 1936 நவம்பர் 18 அன்று, காலியா வந்து நின்ற அதே தூத்துக்குடியில் மறைந்தார்.