தொழிலாளரைக் கவனித்த மருத்துவர்

தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் தையற்காரர்கள் நாள் முழுவதும் இயந்திரத்தின்மேல் குனிந்திருக்கிறார்கள். கேம்பல் லேனில் பூ கட்டுபவர்களின் விரல்கள் ஓய்வதில்லை. கழுத்து வலி, மணிக்கட்டு வலி என்று அவர்கள் மருந்தகத்திற்குச் சென்றால், என்ன வேலை செய்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்காமல் மருத்துவம் பார்க்கக்கூடாது என்று முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வலியுறுத்தியவர், பெர்னார்டினோ ராமாசினி.

அவர் 1633ஆம் ஆண்டு இத்தாலியிலுள்ள கார்ப்பி என்னும் ஊரில் பிறந்தார். பார்மா நகரில் மருத்துவம் பயின்று, பின்னர் மொடேனாவில் பேராசிரியரானார். ஒருநாள் அவர் வீட்டுக் கழிவுக்குழியைத் துப்புரவு செய்த தொழிலாளி மிகவும் அவசரப்படுவதைக் கண்டு காரணம் கேட்டார். குழிக்குள் நெடுநேரம் இருந்தால் பார்வையே போய்விடும் என்றார் தொழிலாளி. அந்தப் பதில் ராமாசினியின் மனத்தை விட்டு அகலவில்லை. அவர் பட்டறை பட்டறையாகச் சென்று தொழிலாளர்களைக் கவனிக்கத் தொடங்கினார். படித்த மருத்துவர்கள் அத்தகைய இடங்களில் கால்வைக்கத் தயங்கிய காலம் அது!

கண்டறிந்தவற்றை 1700இல் நூலாக வெளியிட்டார். நச்சுப் புகையும் தூசியும் மட்டுமல்ல, உடலை வைத்திருக்கும் நிலையும் நோய் தரும் என்று அதில் விளக்கினார். காலை மடக்கி அமர்ந்து தைப்பவர்களுக்குக் கால் மரத்துப்போகிறது. முதுகு கூன் விழுகிறது. நெடுநேரம் நிற்பவர்களுக்குக் காலில் நரம்பு புடைக்கிறது. பின்னர் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் சேர்த்த எழுத்தர் ஒருவரின் கதை இன்னும் வருத்தமானது. ஓயாமல் எழுதியதால் அவரது வலக்கை செயலிழந்தது. பிழைப்புக்காக இடக்கையால் எழுதப் பழகினார். சிறிது காலத்தில் அந்தக் கையும் அதே நோய்க்கு ஆளானது. இடையிடையே நிலையை மாற்றுதல், உடற்பயிற்சி, எண்ணெய் தேய்த்தல் போன்றவற்றை ராமாசினி பரிந்துரைத்தார். பிழைப்பையே விட்டுவிடுங்கள் என்று ஏழைகளிடம் சொல்ல முடியாதல்லவா?

சிங்கப்பூரில் 2006இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடப்புக்கு வந்தது. இன்று வேலைசெய்யும் நிலையை மதிப்பிடுபவர்கள் கழுத்து எவ்வளவு வளைகிறது, கை எவ்வளவு உயர்கிறது, ஒரே அசைவு எத்தனை முறை நிகழ்கிறது என்று கவனித்து மதிப்பெண் இடுகிறார்கள். அளவுகோல்கள் புதியவை, பார்க்கும் பார்வை ராமாசினியுடையது.

பாதுவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய முதுமைக் காலத்தில் அவரது கண்பார்வை மங்கியது. ஆயினும், மேலும் பல தொழில்களைச் சேர்த்து 1713இல் தம் நூலை மீண்டும் வெளியிட்டார். மறு ஆண்டு நவம்பர் மாதம் பாதுவாவில் காலமானார்.