எஸ். ஏ. ஐயர்

சுப்பையர் அப்பாதுரை ஐயர் (1898 – 1980), பரவலாக எஸ். ஏ. ஐயர் என அறியப்பட்டவர், இந்திய இதழாளரும் நூலாசிரியரும் ஆவார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் அமைத்த சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசில் (ஆசாத் ஹிந்த் அரசு) விளம்பர, பரப்புரைத் துறை அமைச்சராக 1943 முதல் 1945 வரை பணியாற்றினார். போருக்குப் பின் செங்கோட்டை வழக்கில் எதிர்த்தரப்புச் சாட்சியாக வாக்குமூலம் அளித்தார். போஸின் இறுதி நாட்கள் குறித்து இவர் எழுதியவையும் கூறியவையும் அது தொடர்பான ஆய்வுகளில் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. எனினும் போஸ் இறந்ததாகக் கூறப்படும் நிகழ்வை இவர் நேரில் காணவில்லை. இவரது பிற்கால வாழ்வு பெரிதும் இந்த முரண்பாட்டைச் சுற்றியே அமைந்தது.

போர்க்காலப் பணி

பம்பாயில் இதழாளராகப் பணிபுரிந்து வந்த ஐயர், 1940 ஆம் ஆண்டில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் சிறப்புச் செய்தியாளராகப் பாங்காக் சென்றார். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படைகள் தாய்லாந்தில் நுழைந்தபோது அவரால் இந்தியா திரும்ப இயலவில்லை. பின்னர் அவர் இந்திய சுதந்திரக் கழகத்தில் இணைந்து அதன் விளம்பரப் பணிகளைக் கவனித்தார்.

1943 ஜூலை 2 அன்று போஸ் சிங்கப்பூர் வந்தடைந்தார். அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று கேத்தே திரையரங்கில் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. போஸ் இரவு முழுதும் விழித்திருந்து எழுதிய அரசுப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்தவர் ஐயரே ஆவார். அவ்வமைச்சரவையில் கேப்டன் லட்சுமி மகளிர் அமைப்பையும், ஏ. சி. சாட்டர்ஜி நிதித்துறையையும், ஐயர் விளம்பரத் துறையையும் ஏற்றனர். ஜப்பான், ஜெர்மனி, இத்தாலி, பர்மா உள்ளிட்ட ஒன்பது அரசுகள் தற்காலிக அரசை ஏற்பளித்தன.

மலாயாவின் தோட்டங்களில் உழைத்த தமிழர் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். பலர் பொருளுதவியும் செய்தனர். ஆகவே வானொலி ஒலிபரப்புகளும் இதழ்களும் தமிழ் உட்படப் பல மொழிகளில் நடத்தப்பட்டன. இப்பணிகள் ஐயரின் பொறுப்பில் இருந்தன. 1945 ஏப்ரலில் ரங்கூனைக் கைவிட்டுப் போஸ் பாங்காக்கிற்குப் பின்வாங்கியபோது ஐயரும் உடன் சென்றார்.

1945 ஆகஸ்ட் நிகழ்வுகள்

ஜப்பான் சரணடைந்ததைத் தொடர்ந்து, 1945 ஆகஸ்ட் 16 அன்று போஸ் சிங்கப்பூரிலிருந்து பாங்காக் சென்றார். மறுநாள் அங்கிருந்து சைகோன் (இன்றைய ஹோ சி மின் நகரம்) சென்றடைந்தார். உடன் சென்ற குழுவில் ஐயரும் இருந்தார். அங்கிருந்து புறப்பட்ட ஜப்பானிய இராணுவ விமானத்தில் இரண்டு இருக்கைகளே கிடைத்தன. போஸ் தம்முடன் ஹபிபுர் ரகுமானை அழைத்துச் சென்றார். ஐயரும் மற்றவர்களும் சைகோனில் விடப்பட்டனர்.

அவ்விமானம் ஆகஸ்ட் 18 அன்று தைபே (அன்றைய தைஹோகு) விமான நிலையத்தில் விபத்துக்குள்ளானது என்றும், கடும் தீக்காயமடைந்த போஸ் அன்றிரவு இராணுவ மருத்துவமனையில் இறந்தார் என்றும் ஜப்பானியர் தெரிவித்தனர். ஆகஸ்ட் 20 அன்று டோக்கியோ புறப்படும் வேளையில் இச்செய்தி ஐயருக்குக் கூறப்பட்டது. உடலைத் தாமே காண வேண்டும் என்பதற்காகத் தம்மைத் தைபேக்கு அழைத்துச் செல்லுமாறு அவர் வேண்டினார். ஆயினும் அவர் சென்ற விமானம் தைபேயில் இறங்காமலேயே ஜப்பானை அடைந்தது. ஆகஸ்ட் 23 அன்று உலகிற்கு வெளியிடப்பட்ட இறப்பு அறிவிப்பின் வாசகத்தை அமைப்பதில் ஐயரும் பங்கு கொண்டார்.

செப்டம்பர் மாதத்தில் ஹபிபுர் ரகுமான் அஸ்தியுடன் டோக்கியோ வந்தார். அவரது கைகளிலும் முகத்திலும் இருந்த தீக்காயங்களைக் கண்டும், அவரிடம் விரிவாக விசாரித்தும் ஐயர் விபத்துச் செய்தியை உண்மையென ஏற்றார். அஸ்தியை ஐயரும், டோக்கியோவில் இந்திய சுதந்திரக் கழகத் தலைவராக இருந்த ராமமூர்த்தியும் பெற்றுக்கொண்டனர். 1945 செப்டம்பர் 18 அன்று அது ரெங்கோஜி புத்தர் கோயிலில் வைக்கப்பட்டது.

செங்கோட்டை வழக்கு

இந்திய தேசிய இராணுவ அதிகாரிகளான ஷா நவாஸ் கான், பி. கே. சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர் மீதான இராணுவ நீதிமன்ற விசாரணை 1945 நவம்பர் 5 அன்று தில்லி செங்கோட்டையில் தொடங்கியது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குழுவிற்குப் புலாபாய் தேசாய் தலைமை தாங்கினார். அந்த நவம்பரிலேயே ஐயர் டோக்கியோவிலிருந்து தில்லிக்குக் கொண்டுவரப்பட்டார்.

முறையாக அமைந்த ஓர் அரசு போர் தொடுக்கும் உரிமை உடையது. எனவே அதன் படையினர் அரசத் துரோகிகள் ஆகார் என்பதே தேசாயின் வாதம் ஆகும். இவ்வாதம் நிலைபெற, தற்காலிக அரசு ஜப்பானியரின் கைப்பாவை அன்று எனக் காட்டுவது தேவைப்பட்டது. இதற்குச் சான்று கூறியோரில் ஐயரும், அந்தமான் தீவுகளின் ஆணையராக நியமிக்கப்பட்டிருந்த ஏ. டி. லோகநாதனும், ஆசாத் ஹிந்த் வங்கியின் இயக்குநர்களுள் ஒருவரான தீனநாத்தும் குறிப்பிடத்தக்கவர்கள். அரசின் அமைப்பு, பணிகள், தென்கிழக்காசிய இந்தியர்களின் நன்கொடையால் திரண்ட நிதி ஆகியவற்றை ஐயர் விளக்கினார். 1943 ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தின்போது ஒரு இலட்சம் டன் அரிசி அனுப்ப போஸ் முன்வந்ததையும் நீதிமன்றத்தில் எடுத்துரைத்தார்.

மூவருக்கும் ஆயுட்கால நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பின் காரணமாக, 1946 ஜனவரி 3 அன்று தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அத்தண்டனையை நீக்கி அவர்களை விடுவித்தார்.

விடுதலைக்குப் பின்

இந்திய விடுதலைக்குப் பிறகு ஐயர் பம்பாய் மாநில அரசின் விளம்பரத் துறை இயக்குநராகப் பணியாற்றினார். பிரித்தானிய அரசுக்கு எதிராகப் பரப்புரை நடத்திய அமைச்சர், சுதந்திர இந்தியாவின் ஒரு மாநிலத்தில் அதே துறையின் அதிகாரியானார். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த படைவீரர்கள் இந்தியப் படையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படாத நிலையோடு இதனை ஒப்பிடலாம்.

1951 ஆம் ஆண்டில் போஸுடனான தமது அனுபவங்களை அன்டூ ஹிம் எ விட்னஸ் என்னும் ஆங்கில நூலாக வெளியிட்டார். இந்திய அரசின் வெளியீட்டுப் பிரிவு 1962 இல் வெளியிட்ட போஸின் தேர்ந்தெடுத்த உரைகளின் தொகுப்பிற்கு வாழ்க்கை வரலாற்று முன்னுரை எழுதினார். நேஷனல் புக் டிரஸ்ட் 1972 இல் இந்திய தேசிய இராணுவத்தின் வரலாறு பற்றிய இவரது நூலை வெளியிட்டது.

செல்வம் பற்றிய சர்ச்சை

தென்கிழக்காசிய இந்தியர்கள் நன்கொடையாக அளித்த தங்கம், நகைகள் ஆகியவற்றின் ஒரு பகுதியைப் போஸ் தமது இறுதிப் பயணத்தில் எடுத்துச் சென்றார். விபத்துக்குப் பின் சேகரிக்கப்பட்டதாகக் கூறப்படும் கருகிய நகைகள் டோக்கியோவில் ராமமூர்த்தியிடம் இருந்தன. 1951 இல் ஐயர் டோக்கியோ சென்று திரும்பி, அஸ்தி குறித்தும் செல்வம் குறித்தும் பிரதமர் நேருவிற்கு அறிக்கை அளித்தார். நகைகள் அங்கிருந்த இந்தியத் தூதுக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டு, 1952 இல் தில்லிக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றின் எடை சுமார் 11 கிலோகிராம் ஆகும். அவை தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன.

எடுத்துச் செல்லப்பட்ட செல்வத்தின் முழுப் பட்டியல் எதுவும் இல்லாததால், மீண்டது எத்தனை பங்கு என்பது தெளிவாகவில்லை. டோக்கியோவில் இருந்த இந்திய அதிகாரிகள் சிலர் ராமமூர்த்தி மீதும் ஐயர் மீதும் ஐயம் தெரிவித்துத் தில்லிக்கு எழுதினர். 2016 இல் இந்திய அரசு போஸ் தொடர்பான கோப்புகளை வெளியிட்டபோது இக்கடிதங்கள் பொதுமக்களின் கவனத்திற்கு வந்தன. குற்றச்சாட்டு எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. கோப்புகள் வெளியானபோது பதிலளிக்க ஐயர் உயிருடன் இல்லை.

விசாரணைக் குழுக்கள்

போஸின் மறைவு குறித்து ஆராய 1956 இல் ஷா நவாஸ் கான் தலைமையில் மூவர் குழு அமைக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்கு முன் செங்கோட்டையில் ஐயர் யாருக்காகச் சாட்சி கூறினாரோ, அவர் முன்னிலையிலேயே இப்போது சாட்சியம் அளித்தார். குழுவினரில் இருவர் விபத்தில் மரணம் என முடிவு செய்தனர். போஸின் தமையனார் சுரேஷ் சந்திர போஸ் அதனை ஏற்கவில்லை. 1970 இல் அமைக்கப்பட்ட கோஸ்லா ஆணையமும் விபத்தையே உறுதி செய்தது. ஐயர் 1980 இல் காலமானார். அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழித்து, 2005 இல் முகர்ஜி ஆணையம் விமான விபத்தில் மரணம் நிகழவில்லை என அறிக்கை அளித்தது. இந்திய அரசு 2006 இல் அவ்வறிக்கையை ஏற்க மறுத்தது.

மதிப்பீடு

ஹியூ டாய், ஜாய்ஸ் லெப்ரா, லியோனார்டு கார்டன், பீட்டர் வார்டு ஃபே முதலிய ஆய்வாளர்கள் இந்திய தேசிய இராணுவத்தின் வரலாற்றை விரிவாக எழுதியுள்ளனர். தற்காலிக அரசின் உட்செயற்பாடுகளை அறிய ஐயரின் நினைவுக் குறிப்புகள் இன்றியமையாதவை. அதே வேளையில் அவர் பரப்புரை அமைச்சராக இருந்தவர் என்பதும், போஸ் மீது அளவற்ற பற்றுக் கொண்டவர் என்பதும் அவரது எழுத்துகளைப் படிப்போர் கருத்திற் கொள்ள வேண்டியவை. தற்காலிக அரசைப் பற்றி அவர் கூறியது உடனிருந்து கண்ட சாட்சியம். தைபே பற்றிக் கூறியது பிறர் சொல்லக் கேட்டும் ஆராய்ந்தும் அடைந்த முடிவு. இவ்விரண்டையும் பிரித்தறிந்தால், அவரது சாட்சியத்தின் வலிமையும் எல்லையும் விளங்கும்.