பதினேழே நகர்வுகள்

சதுரங்கம் பாரத நாட்டிலே தோன்றியது என்பர் அறிஞர். ஆயினும் ஆட்டத் தொடக்கத்தில் செய்யும் பிழைக்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பதை உலகுக்குத் தெளிவாக உணர்த்தியவர் அமெரிக்கராகிய போல் மோர்ஃபி.

1837 ஆம் ஆண்டு ஜூன் 22 ஆம் நாள், நியூ ஓர்லியன்ஸ் நகரில், சட்டத் துறையிற் சிறந்த ஒரு குடும்பத்தில் அவர் பிறந்தார். பெரியோர் ஆடுவதைப் பார்த்திருந்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார் என்பது குடும்பத்தார் கூற்று. 1850 இல், பன்னிரண்டு வயதுப் பாலகனாய், ஹங்கேரிய வீரர் லோவெந்தாலை வென்றார். 1857 இல் சட்டப் பட்டம் பெற்றபோது, வழக்காடும் வயதை அவர் எட்டவில்லை. அவ்வாண்டே நியூயோர்க்கில் நடந்த முதலாவது அமெரிக்கச் சதுரங்கப் பேரவையில் முதலிடம் பெற்றார். மறு ஆண்டு ஐரோப்பா சென்றார்.

1858 இல் பாரிஸ் நகரின் இசைநாடக அரங்கொன்றிலே, பிரன்ஸ்விக் கோமகனும் இசுவார் பிரபுவும் ஒருங்கு கலந்து அவரோடு பொருதனர். மட்டக்குளியில் என்னிடம் சதுரங்கம் பயில வரும் மாணவர்க்கு அந்த ஆட்டத்தையே நான் முதலிற் காட்டுவது வழக்கம்.

எதிரிகள் மூன்றாம் நகர்விலே மந்திரியை விரைந்து செலுத்தி, மறு நகர்விலேயே அதனைக் குதிரைக்கு ஈடாக இழந்தனர். அதனால் மோர்ஃபியின் அரசி எளிதாய் வெளியே வந்தாள். ஏழாம் நகர்விலே தம் அரசியை அரசனுக்கு முன் நிறுத்தி, எஞ்சிய மந்திரியின் வழியைத் தாமே அடைத்தனர். இவ்விடத்தில் ஆட்டத்தை நிறுத்தி, அடுத்து என் செய்வீர் என்று மாணவரைக் கேட்பேன். காவலின்றி நிற்கும் காலாளைக் கவர்வோம் என்பர் பெரும்பாலோர். கவர்ந்திருப்பின் அரசிகள் இருவரும் வெட்டுண்டு, ஆட்டம் நீண்டு சென்றிருக்கும். மோர்ஃபியோ அக்காலாளை விடுத்து, தம் இரண்டாம் குதிரையைக் களத்துக்கு அழைத்தார்.

ஒன்பதாம் நகர்விலே எதிரிகள் காலாள் ஒன்றைத் தள்ளி அவர் மந்திரியை விரட்ட முயன்றனர். உடனே குதிரையைப் பலியிட்டுத் தாக்குதலைத் தொடங்கினார் மோர்ஃபி. கோட்டை கட்டினார், ஒரு கோட்டையை ஈந்தார், பதினாறாம் நகர்விலே அரசியையும் ஈந்தார். பதினேழாம் நகர்விலே எஞ்சிய கோட்டையும் மந்திரியும் கூடிப் பகையரசனை மடக்கின. அவருடைய காய்கள் அனைத்தும் போரிற் பங்கு கொண்டன. எதிரிகளின் மந்திரியொன்றும் கோட்டையொன்றும் இறுதிவரை இருந்த இடம் பெயரவில்லை.

பிழைக்குத் தண்டனை என்றால் கையிற் கிட்டியதைப் பறிப்பது என்று இளையோர் எண்ணுகின்றனர். பிறர் வீணாக்கிய பொழுதைத் தம் படையைத் திரட்டப் பயன்படுத்துவதே தண்டனை என்பதை இவ்வாட்டம் கற்பிக்கின்றது. அவ்வாண்டு டிசம்பரில் ஜெர்மானிய வீரர் அன்டர்சனை அவர் ஏழு ஆட்டங்களில் வென்றார், இரண்டில் தோற்றார், இரண்டு சமநிலையாயின.

1859 இல் தாயகம் மீண்டபின், விரைவிலேயே போட்டி ஆட்டத்தைத் துறந்தார். 1861 இல் உள்நாட்டுப் போர் மூண்டது. வழக்கறிஞர் தொழிலும் அவருக்குக் கைகூடவில்லை. பிற்காலத்தில் மனநோயும் பற்றியது. 1884 ஜூலை 10 ஆம் நாள், நாற்பத்தேழாம் வயதில், பிறந்த நகரிலேயே காலமானார். பலகையில் ஒரு நகர்வையும் வீணாக்காத அப்பெருமகனுக்கு வாழ்க்கை அத்தகைய களத்தைத் தரவில்லை. எனினும் அரங்கிலே இசை முழங்க அவர் ஆடிய பதினேழு நகர்வுகள், சதுரங்கம் கற்பார்க்கு இன்றும் முதற்பாடமாய் விளங்குகின்றன.